கண்மணி இருந்த டிஸ்க்

ஐந்நூறு ஜிபி டிஸ்க்கில் ஐந்நூற்று நாற்பது ஜிபி இருக்க முடியாது. ஸ்கேன் முடிந்து திரையில் வந்து நின்ற பட்டியலை ரமணன் மூன்று முறை பார்த்துவிட்டான். தொலைந்துபோன பார்ட்டிஷன், டிஸ்க்கின் தனிப் பிரிவு, ஒன்று கிடைத்திருந்தது. நாற்பது ஜிபி. அது தொடங்கும் இடம், டிஸ்க் முடியும் இடத்துக்கு அப்புறம் இருந்தது. இது கோளாறாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கோளாறுக்குப் பெயர் வைக்க யாரால் முடியும்? பார்ட்டிஷனின் பெயர் கண்மணி.

ஃபேரர் பார்க் பக்கம், பழைய கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாவது மாடியில் அவனுடைய கடை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கீழே தெருவில் லீவு நாள் கூட்டத்தின் இரைச்சல், யாரோ யாரையோ கூப்பிடும் குரல்கள், மழைக்கு முந்தைய புழுக்கம், வறுத்த மசாலா வாசனை எல்லாம் படியேறி வந்து கண்ணாடிக் கதவோடு நின்றுகொண்டிருந்தன. உள்ளே மின்விசிறியும் டிஸ்க்கும் மட்டும். அவன் கால் மேசைக்கடியில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக அந்தக் கால் அப்படித்தான் ஆடுகிறது.

டிஸ்க் சந்திரமதி அக்காவுடையது. கிளினிக் ஒன்றில் கவுண்டரில் வேலை பார்ப்பவர். ஒரே மகள் கண்மணி. ஏழு வயதில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். அவள் ஓடியது, பாடியது, கோபித்துக்கொண்டது எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. அது ஒருநாள் அலமாரியிலிருந்து தவறி விழுந்துவிட்டது.

இந்தத் தொழிலில் முதல் பாடம், வாடிக்கையாளரின் டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது என்பது. அதைக் காலி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். எது எது என்று குழம்பாமல் இருக்க ரமணன் வந்த டிஸ்க்கின் மேல் சிவப்பு டேப் ஒட்டுவான். மூன்று வாரத்துக்கு முன் இந்த டிஸ்க் வந்த அன்றைக்கு, டேப் ஒட்டப் போகும் நேரத்தில், தான் வரைந்த யானையைக் காட்ட ரக்ஷனா வீடியோவில் கூப்பிட்டாள். இவனுக்கும் ஒரே மகள், அதே ஏழு வயது. சிரித்துப் பேசிக்கொண்டே கேபிள்களை மாற்றிச் செருகிவிட்டான். காலி டிஸ்க் போய் கண்மணியின் மேல் நகலானது. ஒன்பது நிமிடம் கழித்துத்தான் கவனித்தான். முதல் நாற்பது ஜிபி வெறும் பூஜ்ஜியம். வீடியோக்கள் இருந்ததும் அங்கேதான். தவறி அழித்ததை மீட்கலாம். மேலே எழுதிவிட்டதை எவனாலும் மீட்க முடியாது.

டிஸ்க் ரொம்ப அடிபட்டிருக்கிறது, நாளாகும் என்று அக்காவிடம் பூசி மெழுகினான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “நல்லா டைம் எடுத்துக்குங்க தம்பி, உங்களத்தான் நம்பியிருக்கேன்” என்றார் அவர். இன்று ஐந்து மணிக்கு வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தார்.

இப்போது இந்தப் பார்ட்டிஷன். திறந்தான். நானூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள். ஒன்றை ஓடவிட்டான். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சிறுமி சைக்கிள் ஓட்டினாள். “அம்மா, பிடிக்காதீங்க லா, நானே ஓட்டுறேன்!” கரகரத்த குரல், தொண்டை கட்டியது போல. எல்லா வீடியோவிலும் அதே குரல்தான். ரமணனுக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று மட்டுமே நினைத்தான். புத்தம்புது டிஸ்க்கைச் செருகி, சேமி என்று அழுத்தினான்.

பழைய டிஸ்க்கின் சத்தம் மாறியது. நகத்தால் மேசையின் அடிப்பக்கத்தைச் சுரண்டுவது போல் இருந்தது. கடைக்குள் மெல்ல ஒரு தைல வாசனை எழுந்தது. காய்ச்சல்காரர்களின் நெற்றியில் வரும் வாசனை. கீழே யாராவது தடவியிருப்பார்கள் என்று நினைத்தான்.

முப்பத்தொரு சதவீதம். புது டிஸ்க்கின் விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. அதில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்தான். காலியாகவே இருந்தது. கோப்புகள் போய்க்கொண்டிருந்தன, ஆனால் இங்கே வரவில்லை. அப்படியானால் எங்கே எழுதுகிறது?

மணி பார்க்கக் கைபேசியை எடுத்தான். முகப்பில் எப்போதும் இருக்கும் ரக்ஷனாவின் படம், தோளுக்குக் கீழே வெறும் சாம்பல் கட்டமாக இருந்தது. பாதி மேலெழுதப்பட்ட படம் இப்படித்தான் இருக்கும். இதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். கேலரியைத் திறந்தான். தோ பாயோ கோயிலில் எடுத்தது, பள்ளியின் முதல் நாள், யானைப் படத்தோடு நின்றது. எல்லாவற்றிலும் அவள் மட்டும், தோளுக்குக் கீழே, சாம்பல்.

மனைவி வைதேகியைக் கூப்பிட்டான். பாப்பா என்ன செய்கிறாள் என்று கேட்டான்.

“வரைஞ்சிட்டிருக்கா. ஏங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு? ஒண்ணுமில்லையே?”

“எனக்கு ஒண்ணுமில்ல. அவ?”

“திடீர்னு தொண்டை கட்டிக்கிச்சு. மேலு லேசா சுடுது. தைலம் தடவி விட்டிருக்கேன்.”

நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. கைபேசியில் சாம்பல் கட்டம் ரக்ஷனாவின் மோவாயைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தது. ஒரே வழி கேபிளைப் பிடுங்குவது. பிடுங்கினால் இந்த வீடியோக்கள் போய்விடும், இனி எப்போதும் வராது. போகட்டும். கேபிளைப் பிடித்தான்.

கதவு திறந்தது.

சந்திரமதி அக்கா. நனைந்த குடை. சீக்கிரமே வந்துவிட்டார். பேச வாயெடுத்தவர் திரையைப் பார்த்துவிட்டார். அங்கே கண்மணி சைக்கிளில் சுற்றி வந்துகொண்டிருந்தாள். குடை கீழே விழுந்தது. அவர் நடந்து வந்து, அவன் பக்கத்தில் நின்று, திரையில் மகளின் கன்னத்தை விரலால் தொட்டார்.

“தம்பி. கொண்டுவந்துட்டீங்களா.”

இப்போது பிடுங்க வேண்டும். பிடுங்கினால் ஏன் என்று கேட்பார். அந்த ஒன்பது நிமிடத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். இந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிடு. பிடுங்கு. விரல்கள் கேபிளை இறுக்கின. எழுபத்தொன்பது. அவர் அழுதுகொண்டே சிரித்தார். எண்பத்தெட்டு. பிடுங்கு.

“அக்கா, நான் ஒரு தப்பு…”

சுரண்டல் நின்றது.

கேபிள் அவன் கையோடு வந்தது. நூறு.

திரையில் சைக்கிள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், பட்டியலின் அடியில், புதிதாக ஒரு வரி. தொலைந்த பார்ட்டிஷன்: ரக்ஷனா. மேலெழுதப்பட்டது.

கைபேசி அடித்தது. வைதேகி. முகப்புப் படம் முழுச் சாம்பல். எடுக்கும்போது விரல் ஸ்பீக்கரில் பட்டது.

“அப்பா, எப்ப வர்றீங்க? யானை வரைஞ்சு முடிச்சிட்டேன் லா.”

கரகரத்த குரல். தொண்டை கட்டியது போல.

திரையைத் தொட்டிருந்த அக்காவின் விரல் அப்படியே நின்றது. சந்திரமதி அக்கா மெல்லத் திரும்பினார். திரையை விட்டு, அவன் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார்.

“கண்மணி?”

மறுமுனையில் பென்சில் ஒன்று கீழே விழுந்தது.

“அப்பா, பக்கத்துல யாரு?”