பிடி அரிசி

வாசல் கதவுக்குப் பக்கத்தில், காலிங்பெல் கேமராவுக்கு ஒரு சாண் கீழே, ஒரு தகர டப்பா தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் அது இல்லை. வெள்ளியங்கிரிக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி முழுக்கப் பெய்த ஐஸ் மழையில் டெக்ஸாஸின் ஃபிரிஸ்கோவே கண்ணாடிக்குள் வைத்த பொம்மை ஊர் மாதிரி உறைந்து கிடக்க, டிரைவ்வேயில் ஐஸ் உருக உப்புத் தூவ வந்தபோது அவன் இதே கதவுக்கு முன்னால் நின்றுதான் கையை ஊதிச் சூடு பண்ணிக்கொண்டான். அப்போது வெறும் செங்கல் சுவர். இப்போது, சாயங்கால வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில், துருப்பிடித்த பால் டப்பா. விளிம்பில் ஓட்டை போட்டுக் கம்பி கோத்து ஆணியில் மாட்டியிருந்தது. உள்ளே ஒரு கைப்பிடி அரிசி.

டப்பாவைவிட அந்தக் கம்பியைத்தான் அவன் குனிந்து பார்த்தான். நுனியை நத்தை மாதிரிச் சுருட்டிவிட்ட முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுகிற ஊர் பாதி உலகத்தைத் தாண்டி இருந்தது.

எதிர்வீட்டு பத்மநாபன் குரங்குக் குல்லாவோடு குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். ரிட்டயராகி மகன் வீட்டோடு வந்துவிட்டவர். தெருவில் காக்கா பறந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"அங்கிள்! உங்க வீட்லயும் யாராவது டப்பா மாட்டிட்டுப் போனாங்களா?"

"எங்க வீட்லயா? ஒரு பூத்தொட்டி வெச்சதுக்கே அசோசியேஷன்காரன் ஃபைன் போட்டான்பா. உனக்கு மட்டும் ஸ்பெஷலா மாட்டியிருக்கான்னா எடுத்துட்டுப் போய் காபி குடி!" அவர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்து, வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளியங்கிரி மனைவிக்குப் போன் அடித்தான். மரகதத்துக்கு டாலஸில் ஒரு ஆஸ்பத்திரி ஃபார்மசியில் வேலை. ரோடெல்லாம் ஐஸ் என்றாலும், மத்தியானமே கூட வேலை பார்ப்பவளின் டிரக்கில் தொற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"அந்த டப்பாவா? கெளம்பறப்பப் பாத்தேனுங்க. அனுமார் கோயில்ல பிடி அரிசி வாங்க ஆரம்பிச்சிருக்காங்களாட்ட இருக்குதுன்னு நாந்தான் ஒரு பிடி போட்டேன்."

"என்னைக் கேக்காம எதுக்குப் போட்ட?"

"ஒரு பிடி அரிசிக்கு உங்ககிட்ட அப்ரூவல் வாங்கோணுமா? நல்லா இருக்குது நாயம்! பாப்பாவுக்குத் தலை சீவி உடுங்க. காலைல இருந்து பேய் மாதிரித் திரியறா."

போனை வைத்த பிறகும் அவன் அந்த அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜாவாத் தீவில், எரிமலைச் சரிவில் இருந்தது அந்தக் கிராமம். இந்தோனேசியாவில் அவன் வேலை பார்த்த ரிசார்ட் கம்பெனி அதன் வழியாக ரோடு போட்டது. அந்த ஊரில் பூட்டு என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதில் எல்லா வாசலிலும் இப்படி ஒரு டப்பா. இருட்டியதும் ஊர்க்காவல் கிளம்பும். குடைந்த மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து, டப்பாவில் இருக்கும் அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு "அமான்" என்று குரல் கொடுப்பார்கள். பத்திரம் என்று அர்த்தம். அரிசி இருந்தால் அந்த வீட்டின் உயிருக்கும் உடைமைக்கும் விடியும்வரை அவர்கள் பொறுப்பு. டப்பா காலியாக இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

சைட் மேனேஜரான வெள்ளியங்கிரிக்கு இது புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

எல்லாரும் இடம் கொடுத்தார்கள். ரோடு திரும்புகிற வளைவில் மூங்கில் வீடு கட்டியிருந்த சுமினி மட்டும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாட்டேன் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் அவனுக்கு எரிந்தது. ஒருநாள் பொழுது சாயும்போது அவள் வீட்டைக் கடந்து போகிறவன் போலப் போய், டப்பாவைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டினான். காவல் தாண்டிப் போனது. பிறகு காண்ட்ராக்டரின் ஆட்கள் கேனோடு வந்தார்கள். தீயைப் பார்த்துத் திரும்பி ஓடி வந்த கிழட்டுக் காவல்காரர் வார்ஸோ, நேராக அந்த வீட்டுக்குள் போனவர் வெளியே வரவேயில்லை; சுமினியும் குழந்தையும்கூட.

கொஞ்சம் பயமுறுத்துங்கடா என்றுதானே சொன்னேன்? நானா எரிக்கச் சொன்னேன்? இதை அவன் தனக்குள் எத்தனையோ முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் தன்னை விடுதலை செய்திருக்கிறான். ரோடு குறித்த நேரத்தில் முடிந்தது. அமெரிக்க ஆபீஸுக்கு மாற்றல் வந்தது.

தூரத்தில், தெருவின் கோடியில், ஏதோ சத்தம்.

டொக்.

ஐஸ் கனம் தாங்காமல் மரக்கிளை ஒடிகிறது. அப்படித்தான் இருக்கும்.

டொக். டொக்.

அது ஊர்க்காவலின் மரக்கட்டை என்று வெள்ளியங்கிரிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மூளை வேலை செய்தது. காலி டப்பா என்றால் ஆள் இல்லை. தாண்டிப் போய்விடுவார்கள். அன்றைக்குப் போனார்களே! டப்பாவை வெடுக்கென்று கவிழ்த்தான். அரிசி ஐஸ் மேல் சிதறி, பல் கொட்டியது போலக் கிடந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினான். பூட்டு தானாக விழுந்தது. அலாரம் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது. கிராம்பு. பிரியாணிக்குத் தாளிக்கிற கிராம்பு இல்லை. கிராம்பும் புகையிலையும் சேர்ந்து கருகும் வாசனை, அந்த ஊர் ஆண்களின் சிகரெட். அதற்குக் கீழே, மெதுவாக, இன்னொன்றும் ஏறி வந்தது. ஈர மூங்கில் எரிகிற வாசனை.

ஹாலில் வான்மதி சோபாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டாம் கிளாஸ் படிக்கிறாள். அவிழ்ந்த கூந்தல் முதுகெல்லாம் பரவியிருந்தது.

"வான்மதி, அப்பா தலை சீவி விடட்டுமா?"

"நோ, அப்பா. ஆன்ட்டி வில் டூ இட்."

"எந்த ஆன்ட்டி?"

குழந்தை தலையைத் தூக்காமல் பென்சிலால் சோபாவைக் காட்டினாள். சோபாவில் யாரும் இல்லை. ஆனால் மெத்தையில் ஒரு குழி. யாரோ உட்கார்ந்திருக்கும் குழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் ஆழமானது. வெள்ளைக் கார்ப்பெட்டில், பின்கதவிலிருந்து சோபாவரை, சாம்பலாலான வெறுங்கால் தடங்கள்.

"ஷீ இஸ் சோ கோல்ட், அப்பா. கேன் வீ லைட் தி ஃபயர்?"

தப்பு பண்ணிவிட்டோம் என்று அவனுக்கு அந்த நொடியில் உறைத்தது. காவல் தன்னைத் தேடி வரவில்லை. காவல் காக்கத்தான் வருகிறது. எதிலிருந்து காக்க வேண்டுமோ அது ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

குழந்தையைத் தூக்கக் குனிந்தான். தூக்க முடியவில்லை. சின்ன உடம்பு, ஆனால் யாரோ பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்திருப்பது போல அசையவே இல்லை. அவளுக்கு வலிக்கவும் இல்லை. கிச்சுகிச்சு மூட்டியது போலச் சிரித்தாள்.

டொக். டொக். டொக். பக்கத்து வீடு வரைக்கும் வந்துவிட்டது.

சமையலறைக்கு ஓடினான். அரிசி டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். ஒரு பிடி. ஒரே ஒரு பிடி போட்டுவிட்டால் போதும். கதவைத் திறந்தான், டின்னைச் சாய்த்தான்.

டப்பாவில் விழுந்தது அரிசி இல்லை. குளுக் குளுக்கென்று, மூக்கைத் துளைக்கும் மண்ணெண்ணெய். கையில் இருந்தது மஞ்சள் பிளாஸ்டிக் கேன்.

அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கதவுப் பூட்டின் நம்பரை அழுத்தினான். சிவப்பு. மறுபடி. சிவப்பு. கேனை எறிய விரலைப் பிரித்தான். விரல் பிரியவில்லை. சட்டைப்பையில் போன் அலறியது.

"ஏனுங்க! கதவைத் தொறந்துறாதீங்க!" மரகதத்தின் மூச்சு இரைத்தது. "வாசல்ல எவனோ கேனோட நிக்கறான். கேமராவுல பாத்துட்டேன்."

"மரகதம், நாந்தான் அது!"

"என்ன சொல்றீங்க, ஒண்ணுமே கேக்கலியே... ஐயோ, அவன் மூஞ்சியெல்லாம் கரிக்கட்டையாட்டம் இருக்குது. போலீஸைக் கூப்பிடறேன். நீங்க பாப்பாவை உட்டு நகராதீங்க."

"நான் வெளிய நிக்கறேன்! கேக்குதா?"

"பாப்பா தனியா இல்லீல்ல?"

லைன் அறுந்தது.

"அங்கிள்! அங்கிள்!" எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினான். ஜன்னல் திரை விலகியது. அந்த வீட்டு பெல் ஸ்பீக்கரில் பத்மநாபனின் குரல் கரகரத்தது. "ஏய், யார்ரா நீ? கிரி வீட்டை விட்டு நகருடா! போலீஸ் வந்துகிட்டே இருக்கு!"

அப்போது அவர் வந்தார். தெருவோரமாக, தோளில் கைலியைப் போர்த்திக்கொண்டு, ஐஸ் மேல் வழுக்காமல், அவசரமே இல்லாமல். வார்ஸோ. முகத்தில் ஒரு பக்கம்தான் முகம்.

"வார்ஸோ ஐயா! என் பொண்ணு உள்ள இருக்கா! சின்னக் குழந்தைங்க அவ!"

அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். நிதானமாக. ஒரு விரலை விட்டுத் துழாவியும் பார்த்தார். அரிசி இல்லை. விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு வெள்ளியங்கிரியை நிமிர்ந்து பார்த்த அந்த ஒற்றைக் கண்ணில் கோபம்கூட இல்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

டொக்.

வெள்ளியங்கிரி ஹால் ஜன்னலுக்குத் தாவினான். கேனால் கண்ணாடியில் அடித்தான். கீறல்கூட விழவில்லை.

உள்ளே சோபாவில் சுமினி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் வான்மதி. சுமினி சீவிக்கொண்டிருந்தாள், உச்சியிலிருந்து நுனிவரை, அவசரமில்லாமல். சீப்பு இறங்குகிற இடத்திலெல்லாம் முடி கருகிச் சுருண்டது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் அவன் மகள், அந்த ஊர்ப் பேச்சில் என்னவோ கேட்டாள். சுமினி அவள் காதோடு பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

"வான்மதி! அப்பாவைப் பாரு! இங்க பாருடா!"

பார்க்கவில்லை.

சுமினிதான் பார்த்தாள். அன்றைக்கு, மாட்டேன் என்று சொன்னபோது சிரித்தாளே, அதே சிரிப்பு. கையை நீட்டித் திரையை இழுத்து மூடினாள்.

வெள்ளைத் திரை. அதில் இரண்டு நிழல்கள்.

தரையோரமாக ஒரு வெளிச்சம் பிறந்தது. மஞ்சளாக. பிறகு சிவப்பாக. அது ஆடத் தொடங்கியது. மெல்ல ஏறியது. சின்ன நிழலின் கால்வரை. இடுப்புவரை. அவன் உள்ளங்கைக்குக் கீழே ஐஸ் படிந்த கண்ணாடி கொதித்தது.

பெரிய நிழல் சீவுவதை நிறுத்தவில்லை.