ஆறாம் கொத்தளம்

உப்பாற்றின் மேல் மாலை வெயில் தேய்ந்துகொண்டிருந்தது. கீழ்வானில் முழுமதி எழுந்துவிட்டது. ஆனால் இன்னும் ஒளிவிடத் தொடங்கவில்லை. அந்த இரண்டு வெளிச்சங்களுக்கும் இடையே கள்ளிமேட்டுக் கோட்டையின் மேற்கு மதில் நெடுகப் போய், ஓரிடத்தில் பல்லிழந்த வாய்போலத் திறந்து கிடந்தது. வாசகர்களே, வேளிரின் கோட்டைகளைப் பாடுகிறவர்கள் இந்த இடத்தைப் பாடுவதில்லை. ஐந்தாம் கொத்தளத்துக்கும் ஏழாம் கொத்தளத்துக்கும் நடுவே நின்ற ஆறாம் கொத்தளம் ஆறாண்டுகளுக்கு முன் முற்றுகையில் சரிந்தது. பிறகு எருக்கு முளைத்தது, பாம்பு குடியேறியது. அவ்வளவுதான்.

அந்தி விளக்கு ஏற்றியதும் கொத்தளம் கொத்தளமாகக் காவலர் தத்தம் பெயரைக் கூவுவது அக்கோட்டையின் வழக்கம். ஐந்தாமவன் கூவியபின் ஏழாமவன் மூன்று மூச்சு காத்திருந்துவிட்டுத்தான் கூவுவான். அந்த மூன்று மூச்சுதான் ஆறாம் கொத்தளத்துக்கு எஞ்சிய மரியாதை.

இடிபாட்டின் மேல் அன்று ஓர் உப்பு வணிகன் ஏறிக்கொண்டிருந்தான். முண்டாசுக்குக் கீழே புருவம் முதல் காதுவரை ஒரு தழும்பு. பெயர் கொற்றன்; ஒரு காலத்தில் இதே கொத்தளத்தின் காவல் தலைவன். இதன் அடியிலிருந்த சிறுவாசல் கதவின் குறுக்கே இடும் கணையமரத்தை எடுத்துவிட்டுப் பகைவரை உள்ளே அனுமதித்தான் என்று கோட்டைத் தலைவர் மழவரையர் பழி சாட்டியிருந்தார். அதற்குத் தண்டனை கழுமரம். கொற்றனுக்கோ மண்டையில் அடிபட்டதற்கு முந்திய நாழிகைகள் நினைவில் இல்லை. விழித்தபோது பகைவரின் கைதியாக இருந்தான். விடுபட்டபின் உப்பு வண்டிகளோடு திரிந்தான். விடிந்தால் கொத்தர்கள் இந்த இடிபாட்டை வாரப்போகிறார்கள் என்று அன்றுதான் சந்தையில் கேட்டான். அதற்குள் அவனுக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த மரத்தை எடுத்தது தன் கைதானா?

"உப்புக்காரரே, அங்கே காலை வைக்காதீர். அடியில் பொந்து."

கொற்றன் நின்றான். உடைந்த மதில் முனையில் அமர்ந்திருந்தாள் நல்லினி, மழவரையரின் மகள். அவனுக்கென நிச்சயிக்கப்பட்டிருந்தவள். காதோரம் நரைத்திருந்தது.

"வழி தவறிவிட்டேன், அம்மணி."

"வழி தவறியவர் சிறுவாசல் இருந்த இடத்துக்கு நேராகவா வருவார்? முண்டாசை இன்னும் இடப்பக்கம்தான் முடிகிறீர், கொற்றரே."

"காவலரை அழைக்கப் போகிறீரா, தேவி?"

"அழைப்பதானால் நீர் கரையேறும்போதே அழைத்திருப்பேன். ஆறாண்டு என்ன செய்தீர்?"

"உப்பு விற்றேன்."

"என் சபதம் காதில் விழவில்லையா?"

"விழாத சந்தை ஏது? கொற்றன் இங்கே வந்து நிற்கும்வரை இந்த மதிலில் ஒரு கல்லும் ஏறக்கூடாது என்றீராம். என் இரத்தத்துக்காகக் காத்திருக்கிறீர் என்றார்கள். அதனால்தான் வரவில்லை."

"வருவீர் என்றுதான் சபதமே செய்தேன்."

அவள் எழுந்து எருக்கங்கிளைகளை விலக்கினாள். பொந்துக்குள், யானை முட்டி நிலையோடு உள்ளே சாய்ந்த கதவு கிடந்தது. அதன் குறுக்கே கணையமரம், பாதியைக் கறையான் தின்றபின்னும், இரு இரும்பு வளையங்களுக்குள்ளும் அப்படியே இருந்தது. யாரும் அதை எடுத்திருக்கவில்லை.

கொற்றன் உட்கார்ந்து, கையை நீட்டி அந்த மரத்தைத் தொட்டான்.

"முதல் மாதமே தோண்டிப் பார்த்தேன்," என்றாள் நல்லினி. "அப்போது நாடாண்ட பழைய வேளிடம் சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் நிற்காமல் வழக்கைத் திறக்க முடியாது என்றார். அதுவரை இது கலையக் கூடாது. சபதத்துக்குக் காரணம் பகை என்று சொன்னால் ஊரே காவல் நிற்கும். சாட்சி என்று சொல்லியிருந்தால் என் தந்தை மறுநாளே வாரிக் கொட்டியிருப்பார். துணைப்படை அனுப்பாமல் உம்மைக் கைவிட்டு, அதை மறைக்கப் பழியை உம்மேல் போட்டவர் அவர்தானே! இப்போது புதிய வேள் சபதத்தை நீக்கிவிட்டார். இன்று மாலைதான் மிச்சம்."

"பொய்ப்பழி சாட்டியவருக்கும் அதே கழுமரம்தான், தேவி."

"தெரியும்."

"அவர் உம் தந்தை."

"அதுவும் தெரியும். கண்டதைச் சொல்வேன், தீர்ப்பு அவையின் பாடு. உமக்கு அச்சமானால் கீழே ஓடம் கட்டியிருக்கிறேன். போய்விடலாம். நான் குறை சொல்ல மாட்டேன்."

மதிலில் விளக்குகள் ஏறின. முதல் கொத்தளத்திலிருந்து பெயர்கள் புறப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்தன.

"ஐந்தாம் கொத்தளம்! காரி!"

பிறகு அமைதி. ஒரு மூச்சு. கொற்றன் ஆற்றைப் பார்த்தான். ஓடம் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. இரண்டாம் மூச்சு. முண்டாசை அவிழ்த்து எறிந்துவிட்டு, செங்கற் குவியலின் உச்சியில் ஏறி நின்றான்.

"ஆறாம் கொத்தளம்! கொற்றன்!"

இரு புறமிருந்தும் தீவட்டிகள் ஓடிவந்தன. நல்லினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணையமரத்தை மறைக்காமல் அதன் அருகில் போய் நின்றாள்.

ஏழாம் கொத்தளம் அன்று தன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டது.