பச்சைக்குக் கீழே

முதுகு விண்விண்ணென்று தெறித்தது. எண்ணெய் வடித்த பின் ஆவி பறக்கும் லாவண்டர்ச் சக்கையைக் காலையிலிருந்து வாரிக் கொட்டிய முதுகு. எப்படியாவது கட்டிலில் போய் விழுந்தால் போதும் என்று தோட்டக் கதவைத் தள்ளிய ஒதீல் அப்படியே நின்றாள்.

யாரோ ஒருவன் கத்தரிக்கோலோடு குனிந்திருந்தான். பாதையை மூடி வளர்ந்திருந்த லாவண்டர்ப் புதர்கள் எல்லாம் மொட்டைக் கட்டைகளாக...

"யாரது?"

நிமிர்ந்தான். வெயிலில் கறுத்த முகம். அதில் கொஞ்சமும் சேராத இரண்டு சாம்பல் நிறக் கண்கள்... பெயர் அந்தோனன். கீழே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்ட வேலை. அறுவடைக்கு இன்னும் நாளிருக்கிறது என்று காபிக்கடையில் உட்கார்ந்திருந்தவனை அவள் அண்ணன் ரெஜீஸ்தான் அனுப்பினானாம்.

"கவலைப்படாதீங்க மேடம். நல்லா ஒட்ட வெட்டியிருக்கேன். வசந்தத்துல கட்டை பூரா துளிர்க்கும்."

"திராட்சைதான் துளிர்க்கும். இது செத்துப்போகும்."

அவள் கத்தவில்லை. அதனாலேயே அவன் முகம் வெளிறியது. லாவண்டரைப் பச்சை இலை இருக்கிற மட்டும்தான் வெட்டலாம், அதற்குக் கீழே வெறும் விறகு, அதில் துளிர்விடும் கண் கிடையாது என்றாள். இந்த வகை முளைக்கிற விதையும் தராது. அம்மா பிறந்த ஊர் வயலிலிருந்து வந்தது. அந்த வயலை உழுது அழித்தாயிற்று. இந்த மாதம் இதில் கொப்பு எடுத்து, குத்தகைக்குப் பிடித்த சரிவில் நட்டு, சக்கை வாரும் வேலையை விட்டுவிட வேண்டும் என்றிருந்தாள். அலுப்பில் இரண்டு வருஷம் வெட்டாமல் காடாக விட்டது அவள்தான். அந்தக் கோபமும் சேர்ந்து அவன் தலையில் விழுந்தது.

எரிக்கக் குவித்திருந்த கொப்புகளைக் கிளறினான். "இதுல ஏதாவது உயிர் இருக்கா?"

மேலே வாடிவிட்டது. அடியில் இன்னும் ஈரம். இருவரும் உட்கார்ந்தார்கள். பூக்காத இளங்கொப்பாகப் பார்த்து, அடியில் துளி பட்டையோடு கிழித்து, கீழ் இலையை உருவி, மணல் தொட்டியில் செருக வேண்டும். அவன் கை முரடு. பட்டை நீளமாக உரிந்து வந்தது.

"கோழி இறக்கையா பிடுங்கறீங்க?"

"கோழின்னா கத்தியிருக்கும். இது உங்களை மாதிரி முறைக்குதே..."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அதற்குள் மழை. சாக்கை எடுத்துத் தொட்டிகளுக்கு மேல் ஆளுக்கொரு முனை பிடித்து, தாங்கள் நனைந்தார்கள். அவன் இமையில் ஒரு துளி தொங்கியது... அவள் பார்வையை எடுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

மிஞ்சிய கொப்புகளைக் கேட்டு வாங்கி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போனான்.

மறுநாள் காபிக்கடையில் ரெஜீஸ் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தான். "என்ன ஒதீல், மழையில ஜோடி போட்டு நட்டியாமே? கல்யாணச் சாப்பாடு எப்போ?"

கடையே சிரித்தது. அவளுக்குக் காது சுட்டது.

"அவனோடயா? அந்தக் கை பட்டது எது உருப்படும்?"

திரும்பினால், கடை மூலையில் அந்தோனன். கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.

குளிர்காலத்தில் தொட்டிகளில் செருகியவை பாதிக்கு மேல் அழுகின. மொட்டைக் கட்டைகள் துளிர்க்கவே இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் அவன் வந்தான். கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"நான் கொண்டுபோனது எல்லாம் செத்துப்போச்சு மேடம். நீங்க சொன்னது சரிதான். சொல்லிட்டுப் போகலாம்னு..."

"அதுக்கா இவ்வளவு மேடு ஏறி வந்தீங்க?"

கத்தரிக்கோல் தழும்பேறிய தன் விரல்களைப் பார்த்தான்.

"இல்ல... உங்களைப் பாக்காம இருக்க முடியல."

அவள் உள்ளே போய் ஒரு தொட்டியோடு வந்தாள். சாம்பல் பச்சையில் புதுத் துளிர். மணலை விலக்கிக் காட்டினாள். வேருக்கு மேலே, நீளமாக உரிந்த பட்டை.

"இப்படிக் கிழிச்சது நீங்க மட்டும்தான். தினமும் இதைத்தான் பாத்தேன்... கதவையும் பாத்தேன். அன்னைக்கு நான் பேசினது தப்பு. எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சு. அதைக் கடையில எல்லாரும் கண்டுபிடிச்சுட்டாங்களேன்னு..."

"விடுங்க," என்றான். கண் கலங்கித்தான் சொன்னான்.

கடைக்குப் போய்க் காபி குடிக்கலாமா என்றாள். "அங்க மட்டும் வேண்டாம்," என்றான்.

பேசியது ஊர் முன்னால். மன்னிப்புக் கேட்டது ஒரு தொட்டிச் செடி முன்னால். அந்தக் கடையில், அதே ஆட்கள் காதுபட, ஒதீல் அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.