கடைசித் தம்பிலி

கணவன் பரமநாதனின் நெஞ்சில் வைத்திருந்த உள்ளங்கைக்குக் கீழே ஓர் அடி தவறியது. ஞானேஸ்வரி கையை எடுக்காமல் காத்திருந்தாள். இரண்டு அடிகள் சேர்ந்து வந்தன. மறுபடி இடைவெளி.

எண்பத்து மூன்று ஜூலை. கண்டியில் ஊரடங்கு. சாத்திய ஜன்னலின் இடுக்கால் எரிந்த ரப்பர் வாடையும், கடைக்கதவுத் தகரம் நெளியும் சத்தமும், கும்பலாய் ஓடும் கால்களின் அதிர்வும் அறைக்குள் கசிந்துகொண்டிருந்தன. சிறுநீரகம் இரண்டும் பழுதான பரமநாதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை.

கிளினிக்கில் வாழைப்பழம் கூடாது, தண்ணீரை அளந்து கொடு என்றார்கள். தம்பிலிச் செவ்விளநீரைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. சலம் கட்டிச் சிறுநீர் போகாவிட்டால் தம்பிலி, ஊரறிந்த வைத்தியம். பக்கத்து வீட்டுப் பாயிஸா தன் மரத்துக் குலையைப் பின்மதிலால் இறக்கிக் கொடுத்தாள். ஞானேஸ்வரி வெட்டும் சத்தம் வெளியே கேட்காமல் சாக்கால் சுற்றி வெட்டி, தண்ணீருக்குப் பதிலாக, அதே அளவில் ஊட்டினாள்.

“இனி நானே மரமேறிப் பிடுங்கலாம் போல கிடக்கு” என்று காலையில் அவர் சிரித்திருந்தார்.

பொழுது சாயும்போது அவரால் காலை அசைக்க முடியவில்லை. மெல்ல முனகினார்.

ஓடிய கால்கள் வாசலில் நின்றன. யாரோ கேற்றை உலுக்கினார்கள்.

அவர் வாயை ஒரு கையால் பொத்தினாள். மற்றக் கை நெஞ்சில். ஓர் அடி. நீண்ட இடைவெளி. ஓர் அடி.

கால்கள் போய்விட்டன. கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

பாயிஸாவின் தம்பி, டொக்டர் முஹ்ஸின், அன்றிரவுதான் வீடு வந்து சேர்ந்தவர், பாயிஸாவோடு மதிலேறி வந்தார். நாடி பார்த்தார். குசினி மூலையில் வெட்டிக் கிடந்த தம்பிலிக் கோம்பைகளைப் பார்த்தார்.

“இதையா குடுத்தீங்க, அக்கா?”

“ஓம். தண்ணிக்குப் பதிலாத்தான்.”

 மறைக்க வேண்டாமென்று அவள் கெஞ்சிய பிறகே சொன்னார். அதில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது. இரத்தத்தில் ஏறினால் இதயத்தின் மின்துடிப்பையே குழப்பி நிறுத்திவிடும். பாயிஸா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வெள்ளைத் துணி எடுத்துவர இருவரும் மதில் தாண்டினார்கள்.

அப்போதுதான் ஓர் அடி கேட்டது. கேற் அல்ல. குசினி அடுப்படி.

மூலையில், வெட்டாத ஒரு தம்பிலி.

தொட்டாள். இளஞ்சூடு. உள்ளங்கைக்குக் கீழே இரண்டு அடிகள் சேர்ந்து வந்தன. இடைவெளி. ஓர் அடி.

“இஞ்சாருங்கோ...”

அடி பலத்தது. சுவரெல்லாம் கேட்டது.

வாசலில் கால்கள் நின்றன. கேற் ஆடியது.

மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அதை இறுகப் பொத்தினாள்.

ஓர் அடி.

நீண்ட இடைவெளி.

கையை எடுக்காமல் காத்திருந்தாள்.