கொண்டைக்குள் ஒரு பிடி அரிசி

காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் சோறு கிடந்தது. சிந்திய சோறு இல்லை. வாயில் போட்டு மென்று, விழுங்க முடியாமல் துப்பிய சோறு. ராமாத்தாள் குனிந்து பார்த்தாள். எச்சில் பளபளப்போடு அது சின்னதாகக் குவிந்திருந்தது. அதிலிருந்து மழையில் ஊறிப் புளித்த ரப்பர் ஒட்டுப்பாலின் நாற்றம் மெல்ல எழுந்து அவள் சேலையில் ஒட்டிக்கொண்டது. நாயாக இருக்க வழியில்லை. வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்ட வாரமே, ராத்திரி ரோந்துக்குத் தொந்தரவு என்று நாய்களையெல்லாம் சுட்டுவிட்டார்கள்.

திண்ணை மூலையைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சோற்றுச் சட்டியின் மூடி விலகியிருந்தது.

முன்பெல்லாம் தொழிலாளிகளின் லயத்து வீடுகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தன. மலாயாவில் அவசரகாலம் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லி அவற்றை இடித்து, எல்லோரையும் ஆபீஸ் பக்கம் நெருக்கி, கம்பிக்குள் அடைத்தார்கள். பொழுது சாய்ந்தால் வெளியே கால் வைக்கக்கூடாது. வீட்டில் வேகாத அரிசி ஒரு மணி இருந்தாலும் குற்றம். ஜாசின் டவுனிலிருந்து லாரியில் வரும் அரிசியைப் பொதுக் கொட்டகையில் பொங்கி, ஆளுக்கு ஓர் அகப்பை போடுவார்கள். வெந்த சோறு மறுநாள் கெட்டுப்போகும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேராது. படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்த யோசனை. பசிக்குக்கூட வேலி போடலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

அவள் புருஷன் மாயாண்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவன். மழை வருவதற்குள் பாலெடுத்துவிடலாம் என்று, தடை நேரம் முடியுமுன்னே, விடியலின் பனிமஞ்சில் தன் மர நிரைக்குள் நுழைந்தான். பட்டாளத்துக்காரன் தொண்டையில் சுட்டான். சுட்ட பிறகு மாயாண்டி காட்டுக்காரனாகிவிட்டான். அப்படித்தான் அவர்களுடைய கணக்கு.

காடுகளில் சுட்ட வேறு சிலரோடு அவனையும் டவுனில் பலகை மேல் கிடத்தி, ஜனங்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். கழியில் கட்டித் தூக்கி வந்ததால் எல்லோருடைய கைகளும் தலைக்கு மேலே விறைத்து நின்றன. எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார்கள். சொந்தக்காரர் என்று தெரிந்தால் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ராமாத்தாள் பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். இடுப்பில் மகள் ஜெயா இருந்தாள். ஒவ்வொரு பலகைக்கும் ராமாத்தாள் "தெரியாது" என்றாள். அவனுக்கும் சொன்னாள்.

அதனால் அவள் தாலி கழுத்திலேயே இருந்தது. பொட்டை அழிக்கவில்லை. வளையலை உடைக்கவில்லை. புருஷன் எங்கோ ஓடிப்போனவன் என்று ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். தினமும் பூ வைத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள். அழுதால் அதுவும் சாட்சியாகிவிடும்.

வாசலில் சோறு கிடந்த அன்று சாயங்காலம் வேலி விளக்குகள் எரிந்ததும் வீட்டுப் பலகைச் சந்துகளின் வழியாக வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்தது. ஜெயா அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். வெளியே ரோந்து பூட்ஸ் போனது. அதன் பின்னால் இன்னொரு நடை, வெறுங்கால் நடை, ஈர மண்ணை மிதித்து மிதித்து வந்து, வாசலில் நின்றது. ஒரு கோடு அணைந்தது. பக்கத்துக் கோடும் அணைந்தது.

ஜெயா சந்தில் கண்ணை வைத்தாள்.

"அம்மா, அப்பா."

"இங்க வாடி."

"அப்பா வாயத் தொறந்துக்கிட்டே நிக்கிறாரு. மூடவே மாட்டேங்கிறாரும்மா."

அவள் பிள்ளையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஒட்டுப்பால் நாற்றம் பலகைக்குள் கசிந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. செத்துப்போய்விட்டாய் என்று அவனிடம் யாருமே சொல்லவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. வெந்த சோறு அந்த வாய்க்கு ஆகாது. பயத்துக்கு அடியிலிருந்து கோபம் கிளம்பியது. உயிரை எடுத்துக்கொண்டவர்கள், ஒரு பிடி அரிசியையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் அவன் தினமும் வருவான். ஒரு நாள் ஜெயா தாழ்ப்பாளைத் திறந்துவிடுவாள்.

பொதுக் கொட்டகையில் அரிசி கழுவும் முறை அவளுக்கு வந்த அன்று, கழுநீரில் கை விட்டவள் ஒரு பிடியை மடக்கிக்கொண்டாள். பாய்க்கடியில் உலர வைத்தாள். மறுநாள் துணியில் முடிந்து கொண்டைக்குள் செருகி, மேலே கனகாம்பரம் சுற்றி, தலைத்துண்டு கட்டினாள்.

கம்பி வாசலில் பெண்களைத் தடவிப் பார்க்கும் வேலையைப் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாவுக்குக் கொடுத்திருந்தார்கள். பால் வெட்டிய கை. இப்போது மடியை அவிழ்க்கும் கை.

"கையத் தூக்குலா, ராமாத்தா. மடியில என்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததத் தேடத்தான் வெள்ளக்காரன் எனக்குச் சம்பளம் குடுக்குறான். திரும்பு."

விரல்கள் இடுப்பில் இறங்கின, முதுகில் ஏறின. தலைத்துண்டுக்குள் நுழைந்தன. கொண்டையில் நின்றன.

குஞ்சம்மாவின் மூச்சு காதோரம் சுட்டது. "யாருக்குடி?"

"அவருக்குத்தான்க்கா. வாய்க்கு."

வாசலில் நின்ற போலீஸ் சார்ஜன் துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு நெருங்கினான். என்ன அங்கே தாமதம் என்று மலாயில் கேட்டான்.

"பேன், துவான்! கொழுத்த பேனு. கிட்ட வந்தா உங்க தொப்பிக்குள்ள ஏறிக்கும்," என்று குஞ்சம்மாவும் மலாயிலேயே சிரித்தாள். சார்ஜன் முகம் சுளித்துப் பின்வாங்கினான். அவள் கை ராமாத்தாளின் தலைத்துண்டை இழுத்து இறுக்கிக் கட்டியது. "போ. திரும்பிப் பாக்காத."

நிரைக்குள் மஞ்சு இறங்கியிருந்தது. மரங்களின் அடியில் பால் பிடிக்கும் மங்குகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அவன் விழுந்த மரம் அவளுக்குத் தெரியும். பட்டையில் குண்டு பட்ட இடத்தில் பால் வழிந்து, கறுத்து, உறைந்திருந்தது. பறவைச் சத்தம் இல்லை. மற்றவர்களின் உளிச் சத்தமும் இல்லை. நாற்றம் மட்டும்.

அவன் மரத்தை ஒட்டி நின்றான். கைகள் தலைக்கு மேலே.

அவள் துணியை அவிழ்த்தாள். "சாப்பிடுங்க," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போயிடுங்க. புள்ள பயப்படுது."

திறந்த வாயில் அரிசியைப் போட்டாள்.

வாய் மூடவில்லை. அரிசி உள்ளே இறங்கிற்று. பிறகு தொண்டைத் துளை வழியாகச் சரசரவென்று வெளியே உதிர்ந்தது. மண்ணில்.

அவள் மண்டியிட்டுப் பொறுக்கினாள். மண்ணோடு அள்ளினாள். மறுபடி போட்டாள். உதிர்ந்தது. மறுபடி. உதிர்ந்தது.

"நான் என்ன செய்ய? சுட்டவனக் கேளுங்க! கம்பி போட்டவனக் கேளுங்க!"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய கையையே பார்த்தான்.

அப்போது அவனுக்குப் பின்னால் மஞ்சு விலகியது. பலகையில் கிடந்தவர்கள். அவள் தெரியாது என்று சொன்னவர்கள். யாருமே தெரியும் என்று சொல்லாதவர்கள். தமிழனோ, சீனனோ. ஒருவர் பின் ஒருவராக, நிரையின் கடைசி மரம் வரை, அதற்கும் அப்பால், கம்பி வாசலில் நிற்பதைப் போலவே வரிசையாக நின்றார்கள். கைகளை உயர்த்தியபடி. வாயைத் திறந்தபடி.

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.