இரண்டே இரண்டு டிக்

கெலுகோரில் மழை பிடித்துக்கொண்ட மாலை. டீக்கடைக்குள் ஓடி வந்தவனின் பை இடித்து, தே தாரிக் டீ கிளாஸ் கவிழ்ந்தது. ரூபினியின் லேப்டாப் மயிரிழையில் தப்பியது!

"கண்ணு தெரியலையா அண்ணே? என்னோட ரெண்டு வருஷ ஆய்வு இதுலதான் இருக்கு. அடுத்த மாசம் சப்மிட் பண்ணணும்!"

நிமிர்ந்தான். மழை சொட்டும் இமைகள்... இப்படிப்பட்ட கண்களை வைத்துக்கொண்டு வழியைப் பார்த்து நடந்தால்தான் என்ன?

"சாரி லா. பேக்கப் இருக்கா?"

"இல்ல."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் மோகனராஜ். அதே வரிசையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அங்கேயே உட்கார்ந்து, பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் தன் சர்வருக்கு அவள் கோப்புகள் தினமும் தானாகப் போய்ச் சேர வழி செய்தான்.

"இடம் கொஞ்சந்தான். எல்லாத்தையும் அனுப்ப முடியாது. எது போனா தாங்க முடியாதோ, அந்த ஃபோல்டர மட்டும் டிக் பண்ணுங்க."

அவள் 'ஃபைனல்' என்பதை டிக் செய்தாள். எட்டிப் பார்த்தவன் சிரித்தேவிட்டான். அதன் கீழே 'ஃபைனல் பெத்துல்', அதாவது 'நிஜமான ஃபைனல்'. அதற்கும் கீழே 'ஃபைனல் பெத்துல்-பெத்துல்'!

"நீங்க டிக் பண்ணது போன வருஷத்துது. இதுல எதுதான் நெஜமா ஃபைனல்? பேராசிரியர் ஆகப் போறவங்க பண்ற வேலையா இது?"

சுருக்கென்றது அவளுக்கு. "என் வேலைய எனக்குப் பாத்துக்கத் தெரியும் அண்ணே." லேப்டாப்பை மடக்கிக்கொண்டு மழையிலேயே நடந்தாள்.

மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பேக்கப்புக்காகக் கொடுத்திருந்த நம்பருக்கு அவனிடமிருந்து தினம் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. 'மழை வருது, லேப்டாப் பத்திரம்.' 'சாப்டீங்களா?' பதில் போடவில்லை. படித்துப் படித்துச் சிரித்தாள், அவ்வளவுதான்.

சப்மிட் செய்ய ஒரே நாள் இருக்கும்போது லேப்டாப் செத்தது. ரோஷமாவது ஒன்றாவது... அழுத முகத்தோடு அவன் கடையில் போய் நின்றாள்.

கழற்றிப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான். "ஹார்ட் டிஸ்க் போச்சு. சர்வர்லயும் அந்தப் பழைய..." அன்று ஏன்தான் சிரித்துத் தொலைத்தோம் என்றிருந்தது அவனுக்கு.

"அன்னிக்கே வீட்டுக்குப் போய் மாத்திட்டேன்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "நீங்க சொன்னது சரின்னு ஒத்துக்கத்தான் மனசு வரல."

அவன் கம்ப்யூட்டரில் தன் பாஸ்வேர்டைத் தட்டினாள். பட்டியல் விரிந்தது. 'ஃபைனல் பெத்துல்-பெத்துல்'! நேற்று எழுதியது வரை ஒரு பக்கமும் குறையாமல்!

"வந்திருச்சு லா!" அவன் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரூபினி துள்ளிக் குதித்தாள்... சட்டென்று ஏதோ நினைவு வந்து, திரையைக் கையால் மறைக்கப் பாய்ந்தாள்.

அதற்குள் அவன் பார்த்துவிட்டான். டிக் இரண்டு இருந்தன. இரண்டாவது ஃபோல்டரின் பெயர் 'மோகனராஜ்'. உள்ளே இருபத்தொரு ஸ்கிரீன்ஷாட் படங்கள்... அவன் அனுப்பிய ஒவ்வொரு மெசேஜும்.

"இது... எதுக்கு?"

வெளியே மழை கொட்டியது. அவள் நிமிர்ந்து அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"எது போனா தாங்க முடியாதோ, அத மட்டும் டிக் பண்ணச் சொன்னீங்களே... மோகன்."

'அண்ணே' எங்கேயோ தொலைந்து போயிருந்தது. அதை மட்டும் மீட்டெடுக்க அவன் முயலவே இல்லை.