ஸுஹூரா பழக்கிய கடைசி எலி

தான்சானியாவின் மொரோகோரோவில், எலிகளைப் பழக்கும் பயிற்சி வயலுக்கு விடியும்போதே ஆட்கள் வந்துவிடுவார்கள். வெயில் ஏறினால் எலிகள் வேலை செய்யாது. ஒவ்வொன்றும் பூனை அளவு இருக்கும். மண்ணுக்கடியில் புதைத்த கண்ணிவெடியை மோந்து கண்டுபிடித்து, அந்த இடத்தை முன்னங்காலால் பிறாண்டும். சரியாகப் பிறாண்டினால் பயிற்சியாளர் கையிலிருக்கும் தகரச் சொடுக்கியை அழுத்துவார். க்ளிக். உடனே ஒரு துண்டு வாழைப்பழம். எலிக்கு அவ்வளவுதான் படிப்பு.

அன்றும் முகுடே எல்லோரையும் போலத்தான் எலிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். போன வாரம் இதே வயலில்தான் ஸுஹூராவைப் புதைத்திருந்தான்.

அவனோடு எலி பழக்கும் வேலை பார்த்த பெண். அவள் சொன்னது இதுதான்: "அண்ணே, உங்க எலி மண்ணை மோந்து பாக்கல. நீங்க எங்க தயங்கி நிக்கிறீங்கன்னு பாத்துப் பிறாண்டுது. இதை நிஜ வெடிக்காட்டுக்கு அனுப்பினா, நம்பி நடக்குறவன் செத்துடுவான். நான் மேல சொல்லத்தான் போறேன்."

வேலை போய்விடுமே என்ற ஆத்திரத்தில் தள்ளினான். பின்மண்டை கல்லில் மோதி அவள் மூச்சு நின்றது. தினமும் தோண்டி மூடுகிற வயலில் புதுமண்ணை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? எலிகளுக்கும் வெடிமருந்து வாசனை தவிர வேறெதையும் கற்றுத்தரவில்லை. எவனோடோ தார் எஸ் சலாம் நகரத்துக்கு ஓடிவிட்டாள் என்று கதையும் கட்டிவிட்டான், பாவி.

பனிமூட்டத்தில் வேலியோரம் நடந்தான். அவளைப் புதைத்த பக்கம் கண் தானாகத் திரும்பியது.

க்ளிக்.

அவன் சொடுக்கியைத் தொடவே இல்லை. ஆனால் வாயெல்லாம் வாழைப்பழத் தித்திப்பு. மனசு காரணமில்லாமல் பூரித்தது.

எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தான். தித்திப்பு வற்றிவிட்டது. தாங்க முடியாமல், அவள் கிடக்கும் பக்கமாக ஓர் எட்டு வைத்தான்.

க்ளிக்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. எலியையும் இப்படித்தான் பழக்குவார்கள். முதலில் அந்தப் பக்கம் திரும்பினாலே பழம். அப்புறம் நெருங்கினால்தான் பழம். அப்புறம் பிறாண்டினால்தான். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. மூளை தானாகவே கற்றுக்கொள்ளும், மனசிடம் அனுமதி கேட்காது. இத்தனையும் தெரிந்திருந்தும் அவன் கால் போய்க்கொண்டே இருந்தது.

"வேணாம் ஸுஹூரா," என்று முணுமுணுத்தான். "விட்டுடும்மா."

முழங்கால் மடங்கியது.

க்ளிக்.

விரல் மண்ணைத் தொட்டது.

க்ளிக்.

"ஏய் முகுடே! எலிக்குப் பதிலா நீயே இறங்கிட்டியா? பழம் வேணுமாடா?" கூட்டாளி கொம்போ கேலி செய்துகொண்டே வந்தான். பக்கத்தில் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முகுடே இரண்டு கையாலும் பிறாண்டிக்கொண்டிருந்தான். நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தும் நிறுத்தவில்லை. குழிக்குள் ஒரு பெண்ணின் கை தெரிந்தது. அவன் முகத்திலோ குழந்தையின் சந்தோஷம்.

மத்தியானம் போலீஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இனிமேல் விட்டுவிடுவாள் என்று நம்பினான். கொட்டடியில் தனியாக உட்கார்ந்து, களைப்பில் பின்மண்டையைச் சுவரில் சாய்த்தான்.

க்ளிக்.

நாக்கில் தித்திப்பு ஊறியது. மறுபடி சாய்த்தான். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பலமாக மோதினான்.

க்ளிக்.

வெளியே இருந்த காவலர் எரிச்சலோடு கம்பியைத் தட்டினார். "யோவ், உள்ள கூட யாருய்யா? பொம்பளை பேசுற சத்தம் கேக்குது?"

எலிகளைக் கொஞ்சுகிற அதே குரலில், முகுடேயின் காதோரம் ஸுஹூரா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்படித்தான் கண்ணு. இன்னும் கொஞ்சம் பலமா."